சேலம் சீமையில் ஒரு மனஸ்தாபம்

புதுச்சேரியில் நான் அச்சுக் கோக்கிறவன். படிப்பு மூன்றாம் வகுப்பு. ஈய எழுத்தைத் தலைகீழாக வாசிப்பேன், நேராக வாசிப்பதைவிட வேகமாக. என்னைப் பற்றி இவ்வளவு போதும்.

எங்கள் அச்சுக்கூடத்தில் ஞானோபதேசப் புத்தகம் ஒன்று பாதியில் நின்றுவிட்டது. எட்டுப் பக்கத்து எழுத்து, கட்டியபடியே நாலு மாதமாகப் பலகையில் கிடந்தது. இஷ்டப்பிரசாதம், ஞானஸ்நானம், மனஸ்தாபம் என்று வரிக்கு வரி வடமொழிச் சொல். எங்களிடம் இருந்த ‘ஷ’வும் ‘ஸ்’ஸும் எல்லாம் அதில் மாட்டிக்கொண்டன. கல்யாணப் பத்திரிகையில் ‘லக்ஷ்மி’ கோக்க வழியில்லை. முதலாளி என்னைக் கூப்பிட்டார். “நீயே போய் அவர்கள் முன்னால் உட்கார். அச்சுத் தாளில் கையெழுத்து வாங்காமல் வராதே” என்றார்.

அவர்கள் என்றால் இரண்டு பேர். புத்தகத்தை எழுதுகிற வேதசாஸ்திரிகள். சேலத்துக்குத் தெற்கே ஒரு சின்னக் கோயில் ஊரில், அமைதி வேண்டும் என்று போய் உட்கார்ந்திருந்தார்கள். ஊர்ப் பேர் எழுத மாட்டேன். அங்கே இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

சிக்கல் இதுதான். செய்த பாவத்துக்காக மனம் நோவதை எங்கள் கிறிஸ்து வேதத்தில் மனஸ்தாபம் என்போம். சர்வேசுரன் மேல் உள்ள அன்பினால் நொந்தால் அது உத்தம மனஸ்தாபம். நரகத்துக்குப் பயந்து நொந்தால் ஒரு படி கீழே. அந்தக் கீழ்ப்படிக்கு என்ன பெயர் வைப்பது என்று நாலு மாதம் தகராறு.

எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரன் சீமை. எல்லை தாண்டினால் இங்கிலீஷ்காரன் சீமை. சுங்கச்சாவடியில் என் பையைக் கொட்டினார்கள். சாராயம் தேடினார்கள். இல்லை. சண்டைக் காலம் ஆனபடியால் அச்சுத் தாளைப் பார்த்ததும் போலீஸ்காரருக்குச் சந்தேகம் வந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தார்.

“உத்தரிக்கிற ஸ்தலம். இது எங்கேய்யா இருக்கு?”

“செத்த பிறகு போகிற இடம்.”

“அங்கே கூட்டம் உண்டா?”

“ரொம்பக் கூட்டம் என்றுதான் சொல்லுகிறார்கள்.”

அந்தத் தாளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். உத்தரிக்கிற ஸ்தலம் இன்னும் அந்தச் சாவடியில்தான் இருக்கும்.

மறுநாள் காலை சேலம் செவ்வாய்ப்பேட்டை. மூட்டையும் மாடும் மனிதரும் ஒரே சந்தில். ரொட்டி கிடைக்குமா என்று கேட்டேன். கடைக்காரர் என்னை வெள்ளைக்காரன் வேலையாள் என்று நினைத்து விலை ஏற்றினார். வாங்கவில்லை. எங்கள் ஊரில் விடிந்தால் ரொட்டிக்காரன் சைக்கிள் மணி கேட்கும். இங்கே அரிசியே பங்கீடு. ஓட்டலில் கம்பஞ்சோறும் கொள்ளு ரசமும் போட்டார்கள். சோறு தொண்டையில் நின்றது. ரசம் தள்ளிவிட்டது. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பஸ் ஓடியது கரியில். பெட்ரோல் எல்லாம் சண்டைக்குப் போய்விட்டது. வண்டியின் பின்னால் ஒரு பீப்பாய், அதற்குள் நெருப்பு. கிளீனர் ஒரு கைப்பிடியை அரைமணி நேரம் சுற்றிப் புகை வரவழைத்தார். மேடு வந்ததும் வண்டி நின்றது. இறங்கித் தள்ளச் சொன்னார்கள். மஞ்சள் வியாபாரி ஒருவர் இறங்க மறுத்தார்.

“ஏப்பா, டிக்கெட்டு வாங்குனது ஒக்காரத்தானே?”

“டிக்கெட்டு ஒக்காரத்தானுங்க. தள்றது தர்மமுங்க” என்றார் கண்டக்டர்.

வியாபாரியை உள்ளே வைத்தே தள்ளினோம். மூன்று மேடு. கையெல்லாம் கரி. அச்சு மை போல் அதுவும் போகவில்லை.

இறங்கிய இடத்தில் மாட்டு வண்டி காத்திருந்தது. ஓட்டி வந்தவர் பெயர் மாரப்பன். வேதக்காரர் இல்லை. கோயிலுக்கு வாடகை வண்டி ஓட்டுகிறவர்.

“அச்சாபீசுச் சாமிங்களா?”

“நான் சாமி இல்லை. வேலைக்காரன்.”

“செரிங்க சாமி. ஏறுங்க.”

வழியில் ஆடு மேய்த்த குழந்தையைச் சாமி என்றார். எதிரே வந்த கிழவரைச் சாமி என்றார். இடது மாட்டையும் சாமி என்றார். அந்தப் பக்கத்தில் அப்படித்தான். ஊர் போய்ச் சேர்ந்தபோது, அந்தச் சொல்லைக் குருமாருக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டு பண்டிதர்களும் ஒரு பக்கம் எழுதி முடித்திருந்தார்கள். மாரப்பனிடம் வாசித்தும் காட்டினார்கள். “ஆகட்டுங்க சாமி” என்று சொல்லிவிட்டு மாட்டிடம் போய், “வா சாமி, தண்ணி குடி” என்றார்.

ஒருவர் வெள்ளைக்காரச் சாமியார். தாடி நெஞ்சு வரை. முப்பது வருஷம் தமிழ் படித்தவர். படித்தது முழுக்கப் புத்தகத்தில். மற்றவர் தஞ்சாவூர்ப் பக்கத்து வித்துவான். குருமடத்தில் பாடம் சொல்லுகிறவர். அந்த வெயிலிலும் சால்வையை எடுக்கவில்லை. அந்த ஊர்ச் சாமியார் காய்ச்சலாகச் சேலம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். உபதேசியார் துணைக்குப் போயிருந்தார். ஆகையால் கோயில் வேலையும் தாடிச் சாமியார் தலையில்.

சாமியார் பங்களாவில் எனக்குக் களி போட்டார்கள். நான் மென்றேன். சமையல்காரர் சிரித்தார். களியை மெல்லக் கூடாதாம், உருட்டி விழுங்க வேண்டுமாம். வேதசாஸ்திரமும் அப்படித்தான் என்று அடுத்த இரண்டு நாளில் தெரிந்துகொண்டேன்.

முதல் நாள் முழுக்க எதிரே உட்கார்ந்திருந்தேன். சாமியார் ‘குறை மனஸ்தாபம்’ என்றார். வித்துவான் ‘ஈன மனஸ்தாபம்’ என்றார்.

“குறை என்பது அளவு. ஈனம் என்பது தன்மை. இது தன்மை பற்றியது” என்றார் வித்துவான்.

வெளியே மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டிருந்த மாரப்பன் எட்டிப் பார்த்தார். “ஈனப்போறது ஆரு மாடுங்க?”

வித்துவான் கதவைச் சாத்தச் சொன்னார்.

இரண்டாம் நாள் ஒருவர் வந்து வாசலில் நின்றார். பெயர் சூசை. ஆறு வருஷம் முன்னே குடும்பத்தோடு வேதத்தில் சேர்ந்தவர். வித்துவான் அவரை நிறுத்தி, என்ன தொழில் என்று கேட்டார்.

“கவலை ஓட்டறேனுங்க.”

வித்துவான் முகம் மலர்ந்தது. நோட்டை எடுத்தார். ‘கவலை ஓட்டுதல், துயர் நீக்குதல்’ என்று எழுதினார். ஆறுதல் சொல்லும் அதிகாரத்தில் சேர்க்கலாம் என்றார். அங்கே கவலை என்றால் கிணற்றில் மாடு பூட்டித் தோல்பையில் தண்ணீர் இறைப்பது. வருகிற வழியெல்லாம் நான் பார்த்தேன். சொன்னேன். அவர் எழுதியதை அடிக்கவில்லை. ‘வேறு பொருளும் உண்டு’ என்று ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

சூசை அதற்கு வரவில்லை. அவர் மனைவி பாவாயிக்குக் காய்ச்சல் முற்றிவிட்டது. சாகிறவர்களுக்குத் தைலம் பூசுகிற அவஸ்தை கொடுக்கச் சாமியாரைக் கூப்பிட வந்தார்.

உபதேசியார் இல்லாததால் தீர்த்தச் செம்பும் மணியும் நான் எடுத்துக்கொண்டேன். நடுப்பகல். ஓலை வீடு. பாவாயி பாயில் கிடந்தாள். அவள் ஓரகத்தி குப்பாயி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் வெளியே வந்து நின்றாள்.

பாவாயி முதலில் கேட்டது இதுதான். “சாமி, எம்புள்ள பக்கத்துல ஒரு எடம் குடுத்துருங்க. வேற ஒண்ணும் வேண்டாமுங்க.”

பிள்ளை அம்மையில் போய் இரண்டு வருஷம். கோயிலுக்குப் பின்னால் மண்சுவர் வைத்த கல்லறைத் தோட்டத்தில், கிழக்குச் சுவரை ஒட்டி அதன் குழி. பாவத்துக்கு மனம் நோகாமல் செத்தவர்களுக்குச் சுவருக்கு உள்ளே இடம் இல்லை. அது சட்டம். பாவாயிக்கும் தெரியும்.

பாவசங்கீர்த்தனம் சாமியார் காதுக்கு மட்டும். நாங்கள் வெளியே நின்றோம். அவளுக்குக் காது மந்தம். சாமியார் சத்தம் போட்டுக் கேட்டார். கேட்கக் கூடாதுதான். காதில் விழுந்தது.

“மகளே, உனக்கு மனஸ்தாபம் உண்டா?”

“இல்லீங்க சாமி.”

“சற்றாகிலும்?”

“துளிகூட இல்லீங்க. முன்னால இருந்துச்சு. இப்பக் கழுவி உட்டாச்சு.”

சாமியார் குரலை இன்னும் உயர்த்தினார். “சர்வேசுரனுக்கு முன்பாகச் சொல். மனஸ்தாபம் உண்டா, இல்லையா?”

“சத்தியமா இல்லீங்க சாமி.”

என் பக்கத்தில் குப்பாயி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவளுக்கு அது பெருமை. சாமியார் புத்தகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்தார். தைலம் பூசவில்லை. எனக்குக் கொஞ்சம் பிரெஞ்சு தெரியும். தனக்குள் சொல்லிக்கொண்டது புரிந்தது: “இப்படி ஒரு கல்நெஞ்சை நான் பார்த்ததே இல்லை.”

சூசை பின்னாலேயே ஓடி வந்தார். “ஏனுங்க சாமி? என்னுங்க ஆச்சு?”

“அவளுக்கு மனஸ்தாபம் இல்லை. நான் ஒன்றும் செய்வதற்கில்லை.”

சூசை அப்படியே நின்றார். “மனஸ்தாபம் இருந்தாத்தான் குடுப்பீங்களா? நான் வேணும்னா குப்பாயியக் கூப்புட்டு ஒரு சண்டையப் போடச் சொல்லட்டுங்களா?”

சாமியார் நடந்துகொண்டே இருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாலு மாதம் அந்தச் சொல்லைக் கையில் வைத்திருந்தவன் நான். எனக்கும் அதுவரை தோன்றவில்லை.

திரும்பிப் போய்க் குப்பாயியிடம் விசாரித்தேன். முருங்கை மரம் ஒன்று. யார் வீட்டு எல்லையில் நிற்கிறது என்று இரண்டு பெண்களுக்கும் ஏழு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. ஊரே அதை மனஸ்தாபம் என்றது. எங்கள் ஊரிலும் அப்படித்தான் சொல்வோம். காய்ச்சல் வந்ததும் பாவாயியே ஓரகத்தியைக் கூப்பிட்டு அனுப்பினாள். கையைப் பிடித்தாள். அன்றிலிருந்து கஞ்சி குப்பாயி கையால்தான்.

பங்களாவுக்கு வந்து இருவரிடமும் சொன்னேன். “அந்த அம்மாள் சொன்னது வேறே மனஸ்தாபம். யார் மேலும் பகை இல்லை என்று சொன்னாள்.”

சாமியாருக்கு முகம் மாறியது. வித்துவானைப் பார்த்தார். வித்துவான் சால்வையைச் சரி செய்தார்.

“மனஸ் என்றால் மனம். தாபம் என்றால் வெப்பம். சொல் சரியானது. பொருள் அறியாதது அவள் குற்றம்.”

“வேறே சொல்லால் கேட்கலாமே?” என்றேன். “துக்கம் என்று.”

“துக்கம் இழவு வீட்டுச் சொல்.”

“வருத்தம்?”

“வருத்தம் என்றால் இங்கே நோய். நோயாளி எல்லாருக்கும் வருத்தம் உண்டு. அப்படியானால் காய்ச்சல்காரர் எல்லாம் மோட்சமா?”

நான் படித்த மூன்றாம் வகுப்பில் இந்தக் கேள்வி வரவில்லை. சொல்லை மாற்றக் கூடாது, அவளுக்குப் பொருளைப் படிப்பிக்கலாம் என்று முடிவு செய்தார்கள்.

மறுநாள் காலை மூன்று பேரும் போனோம். பாவாயிக்கு மூச்சு வாங்கியது. வித்துவான் கட்டில் கேட்டார். இல்லை. நின்றபடியே படிப்பித்தார்.

“தாபம் என்றால் வெப்பம், அம்மா.”

“வெப்பந்தானுங்க. ராத்திரியெல்லாம் கொதிச்சுது” என்றார் சூசை.

வித்துவான் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். சூசைக்குப் பொருள் புரியவில்லை. ஆனால் சாமியாருக்கு என்ன பதில் வேண்டும் என்பது புரிந்துவிட்டது. மனைவியின் காதில் குனிந்தார்.

“ஆமா இருக்குதுன்னு சொல்லிரு, அம்மிணி. புள்ள பக்கத்துல எடம் குடுத்துருவாங்க.”

பாவாயி தலையை ஆட்டினாள். மாட்டேன் என்று.

குப்பாயி உள்ளே வந்து காலடியில் உட்கார்ந்தாள். “எம்மேல இருக்குதுன்னு சொல்லிரு, அக்கா. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.”

“இப்பத்தான் உங்கையில கஞ்சி குடிச்சேன். அந்த வாயில எப்புடிடீ சொல்றது?”

அதன் பிறகு என்னால் சும்மா நிற்க முடியவில்லை. செம்பைக் கீழே வைத்தேன். “ஆத்தா, செஞ்ச தப்பையெல்லாம் நினைச்சு வருத்தமா இருக்கா?” என்று கேட்டேன்.

“இல்லாமயா சாமி? அதுக்குத்தான நாலு நாளா அழுவறேன்.”

நான் சாமியாரைப் பார்த்தேன். அவர் வித்துவானைப் பார்த்தார். வித்துவான், “வருத்தம் என்ற சொல்லைப் பற்றி நேற்றே பேசியாயிற்று” என்றார்.

சாமியார் தாடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “எனக்கு நிச்சயம் வேண்டும். குருமடத்துக்கு எழுதிக் கேட்கிறேன். நிபந்தனையோடு அவஸ்தை கொடுக்கலாமா என்று அதையும் சேர்த்துக் கேட்கிறேன்.”

பங்களாவுக்குப் போய் லத்தீனில் எழுத உட்கார்ந்தார். இரண்டு தாள். முடித்து ஒட்டி என் கையில் கொடுத்தார். தபால்காரர் அந்த ஊருக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். அன்று அவர் வருகிற நாள் இல்லை. கடுதாசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். மாரப்பன் வண்டி பூட்டிக்கொண்டிருந்தார்.

“பாவாயி போயிருச்சுங்க” என்றார்.

சுவருக்கு உள்ளே இடம் இல்லை என்று சாமியார் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அடக்கத்துக்கும் வரவில்லை. சுவருக்கு வெளியே அடக்கம் செய்யக் குரு வர மாட்டார். மணி அடிக்க மாட்டார்கள். வித்துவான் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கண் அயர்ந்தார்.

மாரப்பன் வண்டியில்தான் கொண்டுபோனோம். கல்லறைத் தோட்டத்தை அடைந்ததும் அவர் இறங்கி, சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். இடுப்புயரச் சுவர். மழையில் கரைந்தது.

“பாப்பா குழி எங்கனங்க?”

சூசை கையைக் காட்டினார். மாரப்பன் அதற்கு நேரே, சுவருக்கு வெளியே, அவர் பாஷையில் அக்கட்டால, மண்வெட்டியால் கோடு கிழித்தார். நானும் வெட்டினேன். தரை கல்லாக இருந்தது. எங்கள் ஊர்க் கடற்கரை மணலில் குழி வெட்ட ஒரு நாழிகை போதும். இங்கே கை கிழிந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு முழம் மண்சுவர்.

மூடி முடித்தோம். குப்பாயி ஒரு முருங்கைக் கொப்பைக் கொண்டுவந்து நட்டாள். யாரும் ஜெபம் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த மனஸ்தாப ஜெபம் வாய் வரை வந்தது. அந்தச் சொல் அதிலும் இருக்கிறது. விழுங்கிவிட்டேன்.

மாரப்பன் வண்டியைத் திருப்பினார். திருப்ப இடம் தாராளமாக இருந்தது. ஆனாலும் மாட்டைப் பின்னால் நடக்கவிட்டார். “வா சாமி, வா, இன்னும் கொஞ்சம்.” வண்டி சுவரில் இடித்தது. முன்னே இழுத்தார். மறுபடி பின்னால் விட்டார். மூன்றாம் தரம் இரண்டு ஆள் நீளத்துக்குச் சுவர் சரிந்தது.

“அடடா, மாடு பொல்லாத மாடுங்க” என்றார். “கோயல் செவுரு. அப்படியே போட்டுட்டுப் போனாப் பாவமுங்க.”

சூசை அவரைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்தார். குப்பாயி கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்தாள். நான் மிதித்துக் குழைத்தேன். பழைய இடத்தில் வைக்கவில்லை. பாவாயியின் குழியைச் சுற்றிக்கொண்டு போய் அக்கட்டால வைத்தோம். வளைந்த சுவருக்கு மண் அதிகம் பிடிக்கும். மாரப்பன் இரண்டு நடை வண்டியில் அள்ளி வந்தார். பொழுது சாயும்போது சுவர் இடுப்புயரம் வந்துவிட்டது. பாவாயி உள்ளே இருந்தாள்.

அன்று இரவு எனக்குக் களி விழுங்க வந்தது.

ஊருக்குப் புறப்படுகிற காலை. சாமியார் ஜெபப் புத்தகத்தோடு கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி நடந்தார். கிழக்குப் பக்கம் வந்ததும் நின்றார். ஈர மண் கறுப்பாகத் தெரிந்தது. நானும் மாரப்பனும் வண்டியோடு நின்றிருந்தோம்.

“மாரப்பா, சுவர் வளைந்திருக்கிறது.”

“வண்டி இடிச்சுருச்சுங்க சாமி. திருப்பி வெச்சுட்டோம். மண்ணு ஈரமுங்க. காஞ்சா நேராயிரும்.”

சாமியார் வெகுநேரம் அந்த முருங்கைக் கொப்பைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, அந்தக் கடுதாசியைத் திருப்பிக் கேட்டார். கொடுத்தேன். ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். அவருக்குத் தெரிந்ததா, தெரியவில்லையா, எனக்குத் தெரியாது. தெரிந்துதான் பேசாமல் போனார் என்றால், முப்பது வருஷம் படித்ததில் அந்த ஒன்றுதான் உருப்படி.

அச்சுத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஈனம் தோற்றது. குறை ஜெயித்தது. மனஸ்தாபம் என்ற சொல்லின் மேல் ஒரு கீறல்கூட இல்லை. வித்துவான் வாசல் வரை வந்து, “நான்கு மாத உழைப்பு. எழுத்துப் பிழை வந்துவிடப் போகிறது, பார்த்துச் செய்” என்றார்.

திரும்புகையில் பஸ் இரண்டு மேட்டில்தான் நின்றது. சாவடியில் சாராயம் தேடினார்கள். அந்தப் போலீஸ்காரர் இல்லை.

புத்தகம் அச்சாயிற்று. அவர்கள் எழுதிக் கொடுத்தபடியே கோத்தேன். ஒரு எழுத்து மாற்றவில்லை. பக்கத்தைக் கலைத்துப் போட்டதும் ‘ஷ’வும் ‘ஸ்’ஸும் எழுத்துப் பெட்டிக்குத் திரும்பின. கல்யாணப் பத்திரிகை வேலை ஓடியது.

அந்த வருஷம் பாஸ்குத் திருநாளுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். எங்கள் கோயில் சாமியாருக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது. கடைசியில் வழக்கம்போல் கேட்டார், மனஸ்தாபம் உண்டா என்று.

“நிறைய உண்டு சாமி” என்றேன்.

பாவப்பொறுத்தல் கொடுத்துவிட்டார். யார் மேல் என்று அவர் கேட்கவில்லை.